நாலு மூலையும் ஒரே தளத்தில் நிற்கிறதா?

நான்கு புள்ளிகள் ஒரே தளத்தில் அமைய, ஒன்றிலிருந்து மற்ற மூன்றுக்கும் வரையும் வெக்டர்களின் (நீளமும் திசையும் கொண்ட அம்புகள்) திசையிலி முப்பெருக்கம், அதாவது மூன்றையும் பெருக்கிக் கிடைக்கும் ஓர் எண், பூஜ்ஜியமாக வேண்டும். பிளஸ் டூவில் இதை மனப்பாடம் செய்திருந்தேன். அந்த வெக்டர்களின் எண்களைக் கட்டமாக அடுக்கிய அணிக்கோவையை விரித்தால் 0 வரும், மதிப்பெண்ணும் வரும். எது பூஜ்ஜியமானது என்று தெரியாமலேயே பள்ளியை முடித்துவிட்டேன்.

வீடு கட்டும்போதுதான் புரிந்தது. வாசல் நிலையைக் கோத்துக் கிடத்தியிருந்தார்கள். ஆசாரி நாலு மூலையிலும் ஆணி அடித்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் கட்டினார். நடுவில் நூல்கள் ஒன்றையொன்று தொடவில்லை. கால் அங்குலம் இடைவெளி. “நிலை முறுக்கியிருக்குங்க” என்றார்.

“எந்த மூலைண்ணே தூக்கியிருக்கு?” என்று கேட்டேன்.

“அப்படி ஒரு மூலையைக் காட்ட முடியாதுங்க. எந்த மூணை மட்டமா வெச்சாலும் மிச்சம் ஒண்ணு தூக்கும், இல்லேன்னா எறங்கும்.”

அன்றிரவு நோட்டில் வரைந்து பார்த்தேன். ஒரே நேர்க்கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகளுக்கு எப்போதும் ஒரு தளம் உண்டு, ஒன்றே ஒன்றுதான் உண்டு. நான்காவது புள்ளிக்குத்தான் சோதனை. மூன்று மூலை மட்டமாக இருந்து ஒன்று அரை அங்குலம் தூக்கினால், அந்த மூலைவிட்டத்தின் நடுப்புள்ளி அதில் பாதி, கால் அங்குலம் தூக்கும். அவர் நூலில் கண்டது அதேதான். ஒரு மூலையிலிருந்து மற்ற மூன்றுக்கும் வெக்டர் வரைந்து, அவற்றை விளிம்புகளாக வைத்து ஒரு பெட்டி செய்தால், முப்பெருக்கம் தருவது அதன் கன அளவு. நாலும் ஒரே தளத்தில் இருந்தால் பெட்டிக்கு உயரமே இல்லை, அதனால் 0. அந்த ஆசாரியை நான் கணக்கு வாத்தியாராகத்தான் நினைக்கிறேன். உங்களுக்கு இது எங்கே புரிந்தது?

மறுமொழி 1

நான் கணக்கு ஆசிரியை. கோடுகளில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். ‘வெட்டாத கோடுகள் எல்லாம் இணை’ என்பது தாளில் மட்டுமே வரைந்து பழகியதால் வருவது. ஒருமுறை கரும்பலகைச் சுவரும் கூரையும் சேரும் கோட்டைக் காட்டினேன். அப்புறம் வகுப்பின் பின்மூலையில் செங்குத்தாக இறங்கும் கோட்டைக் காட்டி, இவை வெட்டுமா என்று கேட்டேன். “நீட்டினா வெட்டும் மிஸ்” என்றார்கள். சரி, நீட்டிப் பாருங்கள் என்றேன். மனதில் நீட்டிக்கொண்டே போய் அமைதியாகிவிட்டார்கள்.

மறுநாள் ஆளுக்கு இரண்டு ஈர்க்குச்சியும் ஓர் அட்டையும் கொடுத்தேன். குச்சிகள் இணையாக இருந்தாலும் வெட்டிக்கொண்டாலும் இரண்டின் மேலும் அட்டை முழுதாகப் படிந்தது. ஒரு குச்சியைத் தூக்கித் திருப்பிப் பிடித்ததும் எப்படி வைத்தாலும் படியவில்லை. ‘ஒரு தளம் அமையாக் கோடுகள்’ என்ற பெயரை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன். இப்போது எல்லா வருடமும் இந்த வரிசைதான்.

மறுமொழி 2

எங்கள் அப்பத்தா பொங்கல் வைக்க மூன்று கல்தான் கூட்டுவார். நாலாவது கல்லை நான் எடுத்துப் போனால், “பானை ஆடும்டா, வேணாம்” என்பார். கல் உயரம் முன்பின் இருந்தால் பானை லேசாகச் சாயுமே தவிர ஒருநாளும் ஆடியதில்லை. உங்கள் பதிவைப் படித்தபோது அந்த அடுப்புதான் கண்முன் வந்தது.