தமிழ்க் குரல் வங்கிக்கு உதவி வேண்டும்: இரட்டை மெய்யும் ழகரமும்

வணக்கம் மக்களே. மதுரையில் ஓப்பன்உட்டாவுக்காக (மெட்டும் வரியும் கொடுத்தால் பாடிக்காட்டும் இலவச மென்பொருள்) ஒரு தமிழ்க் குரல் வங்கி, அதாவது அது பாடுவதற்கான ஒலித்துண்டுகளின் தொகுப்பு, பதிவு செய்கிறோம்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, சிவிவிசி முறை (மெய்+உயிர், உயிர்+மெய் என்ற துண்டுகளாகப் பதிவது).

முதல் சிக்கல் "அப்பா". எழுத்து ஒன்றுதான், ஒலி இரண்டு: "கோபம்" என்பதில் ப அதிர்ந்து ஒலிக்கும், "அப்பா"வில் உதடு மூடி ஒரு மௌனம் விழும். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பதிந்தோம். ஓவர்லேப்பை (முந்தைய ஒலியோடு கலக்கும் நேரம்) பூஜ்யமாக்கி, அந்த மௌனமும் அடங்கும்படி ப்ரீஅட்டரன்ஸை (நோட்டு தொடங்கும் முன்பே ஒலிக்கும் பகுதி) நீட்டினால் மெதுவான பாட்டில் சரியாக வருகிறது. வேகம் கூடினால் முந்தைய உயிரைத் தின்றுவிடுகிறது. "அப்" என்பதைத் தனி நோட்டாக வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? எத்தனை மில்லிசெகண்ட் விட்டீர்கள்?

அடுத்தது ழ. நம்ம பக்கம் வாழைப்பழம் "வாளப்பளம்" ஆகிவிடும். பேச்சில் அது அழகுதான், வங்கியில் மூன்று லகரமும் பிரிந்தே ஆக வேண்டும். ழ, ள, ல மூன்றையும் ஒரே சுருதியில் பிரித்துப் பாடக்கூடியவர் அருகில் இருந்தால் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்திலும் கருத்து வேண்டும். பாடும் மென்பொருள் எல்லாவற்றையும் "வோக்கலாய்டு" என்பது தவறு, அது யமஹாவின் வணிகப் பெயர். மென்பொருள் பாடுவதைக் கையால் திருத்தி மெருகேற்றுவதற்கு "டியூனிங்" என்றால் நம்மவர்கள் சுருதி சேர்ப்பதாக நினைக்கிறார்கள். "குரல் செதுக்கல்" பொருந்துமா?