புது பைக், முதல் சர்வீஸுக்குத் தேதியே தர மாட்டேன் என்கிறார்கள்

திருச்சிக்காரன்:
புதிதாக 150 சிசி பைக் எடுத்தேன். கையேட்டில் முதல் சர்வீஸ் 750 கிலோமீட்டருக்குள் என்று இருக்கிறது, மீட்டர் 690ஐத் தொட்டுவிட்டது, ஷோரூமுக்கு எப்போது போன் போட்டாலும் "ஸ்லாட் இல்லை சார், அடுத்த வாரம் பாருங்க" என்றே ஓட்டுகிறார்கள். விற்கும்போது கூல்டிரிங்ஸ் எல்லாம் கொடுத்தார்கள். வெளியே மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றிவிடட்டுமா?

பழைய புல்லட்:
வேண்டாம் தம்பி. இலவச சர்வீஸ் கூப்பனில் டீலர் சீல் இல்லையென்றால் பிறகு வாரண்டி கேட்கும்போது அதையே பிடித்துக்கொள்வார்கள். மீட்டரைப் படம் எடுத்து, சேஸிஸ் நம்பரோடு கம்பெனிக்கே மெயில் போடுங்கள். தாமதம் அவர்களால்தான் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி வேண்டும்.

கிரீஸ் கை:
அதே கம்பெனியின் வேறு டீலரிடம் கேட்டுப் பாருங்கள், இலவச சர்வீஸ் பெரும்பாலும் எங்கேயும் செய்யலாம். ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம், புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் உரசிப் படியும்போது உலோகத் துகள் ஆயிலில் இறங்கும், முதல் ஆயிலை வடித்தால் ஜிகினா போட்டதுபோல் மின்னும். அதுவரை முறுக்காமல் ஓட்டுங்கள்.

வைகைக்கரை:
மெயிலுக்கும் அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம், வண்டியை விடும்போது ஜாப் கார்டில், அதாவது அவர்கள் போடும் வேலைச் சீட்டில், கிலோமீட்டரை எழுதச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சிக்காரன்:
சரி அண்ணா, மெயில் போட்டுவிட்டேன். தஞ்சாவூர் டீலர் சனிக்கிழமை வரச் சொல்கிறார்.