பைக்கில் ரிலே போட்டு தனி பவர் எடுப்பது: வண்டிகளில் பார்த்த கோளாறும் அதற்கான வேலையும்

எக்ஸ்ட்ரா லைட், டபுள் ஹாரன், மொபைல் சார்ஜர் என்று மாட்டிய பல வண்டிகளில் எல்லா லோடும் சாவி சுவிட்ச் வழியாகவே போகிறது. அந்த சுவிட்சும் அதன் மெல்லிய வயரும் கம்பெனி கொடுத்த லோடுக்கு அளந்து போட்டவை. மேலே 10 ஆம்பியர் ஏற்றினால் முதலில் சுவிட்ச் கான்டாக்ட் கருகும், பிறகு ஓடும்போதே இன்ஜின் விட்டுவிட்டு வரும். இதைத் தவிர்க்கத்தான் ரிலே, அதாவது சிறிய கரண்டால் பெரிய லோடை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச். சாவி லைனிலிருந்து ரிலேக்குள் இருக்கும் காயிலுக்கு மட்டும் சுமார் 150 மில்லிஆம்பியர் போகிறது. லோடு முழுக்க பேட்டரியிலிருந்து நேராக வருகிறது.

இணைப்பு இதுதான். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ், பியூஸிலிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட கால். லைட்டுக்குப் போவது 87. சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் வயர் 86-க்கு, எர்த் 85-க்கு. பியூஸ் ஹோல்டர் பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான். அதை லைட் பக்கம் வைத்தால், நடுவில் வயர் உரசி பாடியில் ஷார்ட் ஆகும்போது தடுக்க ஒன்றும் இருக்காது. சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டியூப் பக்கத்திலேயே வயர் எரியும்.

லோடைக் கணக்குப் போட்ட பிறகு பியூஸ் வாங்குங்கள். 20 வாட் எல்இடி இரண்டு என்றால் 40 வாட், ஓடும்போது ஏறக்குறைய 3 ஆம்பியர். அதற்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். 2 ஆம்பியர் யுஎஸ்பி சார்ஜர் பேட்டரியிலிருந்து இழுப்பது 1 ஆம்பியருக்குள்தான். சார்ஜர் மட்டும் என்றால் ரிலே அவசியமில்லை, 2 ஆம்பியர் பியூஸோடு சாவி லைனில் எடுக்கலாம். லைட் வந்த பெட்டியில் அச்சடித்த வாட்டை நம்பாமல், லைட்டுக்குப் போகும் லைனில் மல்டிமீட்டரைத் தொடராகப் போட்டு அளந்துவிடுங்கள். விலை மலிவான செட்டில் பெட்டியில் போட்டிருப்பதும் உண்மையில் இழுப்பதும் ஒன்றாக இருப்பதில்லை.

* * *

மேலே சொன்னதில் ட்ரிகர், அதாவது ரிலேயை இயக்க 86-க்குப் போற வயரை, எங்கே எடுப்பது என்பதை விரிவாகச் சொல்லணும். ரிலே வேலை கெட்டுப்போற இடம் பெரும்பாலும் அதுதான்.

பழைய 100, 125 சிசி வண்டிகள் நிறைய ஹெட்லைட்டை மேக்னெட்டோவிலிருந்து (இன்ஜினோட சுத்தி கரண்ட் தயாரிக்கிறது) நேரா ஏசியில எரிக்கும். அந்த வயரை 86-ல கொடுத்தா ரிலே 'கிர்ர்ர்'னு அதிர்ந்துகிட்டே இருக்கும். லைட் துடிக்கும். உள்ளே கான்டாக்ட் பொரிஞ்சு, கொஞ்ச நாள்ல செயலிழந்துடும். கண்டுபிடிக்கிறது சுலபம். ஐட்லிங்ல ஹெட்லைட் மங்கி, ஆக்சிலேட்டர் முறுக்கினா பிரகாசமானா அது ஏசியா இருக்க வாய்ப்பு அதிகம். மீட்டரை டிசி-யில வெச்சா ஏறக்குறைய பூஜ்யம், ஏசி-யில வெச்சா வோல்ட் காட்டும். அப்போ சந்தேகமே இல்லை. அந்த மாதிரி வண்டியில டெய்ல் லேம்ப் வயர், பிரேக் சுவிட்சுக்கு வர்ற ஃபீட், இண்டிகேட்டர் ஃப்ளாஷருக்கு உள்ளே போற வயர், இதுல ஒண்ணை மீட்டர்ல பார்த்து எடுங்க. சாவி போட்டதும் நிலையா 12 வோல்ட் டிசி வரணும், எடுத்ததும் பூஜ்யமாகணும். சில வண்டியில டெய்ல் லேம்பும் ஏசி, அதனால பார்க்காம வெட்டாதீங்க. ஃப்ளாஷரைத் தாண்டின வயர்ல எடுத்தா லைட் இண்டிகேட்டரோட சேர்ந்து கண் சிமிட்டும்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில ஹெட்லைட் ஆஃப் சுவிட்ச் கிடையாது. லோ பீம்ல ட்ரிகர் எடுத்தா பகல் முழுக்க எக்ஸ்ட்ரா லைட்டும் எரியும். எக்ஸ்ட்ரா லைட்டுக்கு ஹை பீம் வயரே சரின்னு நான் அடிச்சுச் சொல்வேன். டிப் பண்ணினதும் அதுவும் அணையும், எதிர்ல வர்றவர் கண் கூசாது. கூடவே ஹேண்டில்பார்ல ஒரு சுவிட்ச் வேணும். அந்த சுவிட்சை 86-க்குப் போற லைன்ல போடுங்க. 0.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரே தாராளம், சுவிட்சும் சூடாகாது. சுவிட்சைக் கொண்டுபோய் 87 லைன்ல போட்ட வண்டிகளும் வருது. முழு லோடும் மறுபடி ஹேண்டில்பார் வரைக்கும் போயிட்டு வர்றதால அங்கே ரிலே இருந்தும் பயனில்லை.

பிஎஸ்6 (புது மாசு விதிப்படி வந்த) வண்டியில இன்ஜெக்டர், சென்சார், பியூவல் பம்ப் வயர் பக்கமே போகாதீங்க. சில கேடிஎம் மாடல்கள்ல எக்ஸ்ட்ரா பொருளுக்குன்னே கம்பெனி கப்ளர் விட்டிருக்கு, அதுல ஒண்ணு சாவியோட வர்றது. இருக்கான்னு முதல்ல தேடிப் பாருங்க.

* * *

ஹாரனுக்கு வேறு வழி இருக்கிறது. சில வண்டிகளில் பட்டன் பாசிட்டிவைக் கொடுக்கும், சிலவற்றில் எர்த்தைக் கொடுக்கும். பழைய ஹாரனுக்கு வரும் வயர் இரண்டையும் கழற்றி, ஒன்றை 85-லும் மற்றதை 86-லும் செருகிவிட்டால் பட்டன் எந்த வகையாக இருந்தாலும் ரிலே அடிக்கும். புது ஹாரன்களுக்கு 87-லிருந்து பாசிட்டிவ், எர்த் தனியாக. ஜோடி ஸ்னெயில் (நத்தை வடிவ) ஹாரன் அமுக்கும்போது 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். 1.5 ஸ்கொயர் வயர், 15 ஆம்பியர் பியூஸ் போடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரிலேயின் மேல் படத்தில் டயோடு குறி இருந்தால் 86 பாசிட்டிவ், 85 நெகட்டிவ் என்று பார்த்தே மாட்ட வேண்டும். மாற்றினால் டயோடு நேரடி ஷார்ட் ஆகி ஹாரன் பியூஸ் போகும். டயோடோ ரெசிஸ்டரோ இல்லாத ரிலேயை இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டியில் போடுவதாக இருந்தால், 1என்4007 டயோடு ஒன்றை 85, 86-க்குக் குறுக்கே, வெள்ளிக் கோடு பாசிட்டிவ் பக்கம் வரும்படி வைத்துவிடுங்கள். காயில் அணையும் நொடியில் எழும் வோல்டேஜ் உதையை அது விழுங்கிக்கொள்ளும்.

* * *

சாவியை எடுத்த பிறகும் லைட் எரிகிறது என்று வரும் வண்டிகளில் இரண்டு காரணம் பார்த்திருக்கிறேன்.

ஐந்து கால் ரிலேயின் நடுக்கால் பெரும்பாலும் 87ஏ. ரிலே அடிக்காத நேரத்தில் 30-உடன் சேர்ந்திருப்பது அது. லைட்டை அதில் கொடுத்தால் எல்லாம் தலைகீழ், சாவி போட்டால் அணையும். சில ஐந்து கால் ரிலேயில் நடுக்காலும் 87-தான். 30-ம் 86-ம் இடம் மாறி வரும் வகையும் கடையில் இருக்கிறது. அதனால் பழைய ரிலேயின் இடத்தைப் பார்த்து மாட்டாமல் காலுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். எண் அழிந்திருந்தால் மீட்டரில் ஓம் பாருங்கள்: 80 முதல் 100 ஓம் வரை காட்டும் ஜோடிதான் காயில்.

இரண்டாவது, கான்டாக்ட் ஒட்டிக்கொள்வது. பக்கத்தில் விரலால் தட்டினால் சில நேரம் விடும். விட்டாலும் அந்த ரிலேயைத் தூக்கிப் போடுங்கள், அது மறுபடி ஒட்டும்.

இன்னொன்று பேட்டரி இறங்குவது. சார்ஜரை ரிலே, சாவி எதுவும் இல்லாமல் நேராகக் கொடுத்திருப்பார்கள். போன் இல்லாமலே அதன் நீல எல்இடியும் சர்க்யூட்டும் 20 மில்லிஆம்பியர் குடித்தால் ஒரு நாளைக்கு 0.48 ஏஎச் (ஆம்பியர்-மணி). இரண்டு வாரம் நிறுத்திவைத்தால் 6.7 ஏஎச். 8 ஏஎச் பேட்டரியில் செல்ஃப் அடிக்க ஒன்றும் மிஞ்சாது. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டால் இழுப்பது தெரிந்துவிடும். மீட்டர் தொடரில் இருக்கும்போது செல்ஃப் அடிக்க வேண்டாம், மீட்டர் பியூஸ் போய்விடும்.

* * *

எர்த் பற்றி இன்னும் விரிவா சொல்லல. பெயின்ட் அடிச்ச பிரேம் போல்ட்ல எர்த் கொடுத்துட்டு 'லைட் மங்கலா இருக்கு, ஹாரன் தொண்டை கட்டின மாதிரி கத்துது'ன்னு கேட்பாங்க. எர்த் வயரையும் பாசிட்டிவ் அளவுக்கே எடுத்து பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்க. போக வர மொத்தம் 3 மீட்டர் வயர்ல 10 ஆம்பியர் போனா, 1.5 ஸ்கொயர்ல ஏறக்குறைய 0.35 வோல்ட் குறையும். 0.5 ஸ்கொயர்ல 1 வோல்ட்டுக்கு மேல. லைட் எரியும்போது மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை லைட்டோட எர்த்லயும் வெச்சுப் பாருங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்ல கோளாறு.

ரிலே சாக்கெட்டைக் கழற்றி 30, 87 கால்களைப் பாருங்க. வெள்ளி நிறம் போய் பழுப்பேறி, சாக்கெட் பிளாஸ்டிக் ஓரம் லேசா உருகியிருந்தா உள்ளே இருக்கிற பெண் டெர்மினல் லூஸ். ரிலேயை மட்டும் மாத்தினா திரும்ப அதே கதிதான். டெர்மினலை மாத்தி, சரியான கிரிம்ப் கருவியால அழுத்தணும். கிரிம்ப் பண்ணின பிறகு வயரை நல்லா இழுத்துப் பாருங்க, வந்துடுச்சுன்னா இப்பவே வந்தது நல்லது.

வயரை முறுக்கி டேப் சுத்தற வேலை வேண்டவே வேண்டாம். இன்ஜின் சூட்டுல டேப் பசை இளகி வழுக்கிப் போகும். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. வீட்டு வயரும் வேண்டாம். அதுல இழை குறைவு, தடிமன் அதிகம், அதிர்வுல உள்ளேயே ஒடியும், வெளியே தெரியாது.

* * *

மாட்டும்போது பார்க்க வேண்டிய இரண்டு இடம். ரிலே கால்கள் கீழே பார்த்து இருக்கட்டும். மேலே பார்த்தால் வண்டி கழுவின தண்ணீர் சாக்கெட்டில் தேங்கி பச்சை பூக்கும். ஸ்டியரிங் கழுத்துப் பக்கம் வயருக்குச் சற்று தளர்வு விட்டு, ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி திருப்பி எங்கேயும் இழுக்கவோ நசுங்கவோ இல்லை என்று பார்த்த பிறகே டேக் கட்டுங்கள்.

பேட்டரியில் கை வைக்கும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். எல்லாம் முடிந்து இன்ஜினை ஐட்லிங்கைவிடக் கொஞ்சம் மேலே வைத்து, எல்லா லோடையும் போட்டு பேட்டரி வோல்டேஜ் பாருங்கள். 13.5-க்கு மேல் நின்றால் சார்ஜிங் தாங்குகிறது. 12.8-க்குக் கீழே இறங்கினால் எவ்வளவு நல்ல ரிலே போட்டாலும் பேட்டரி காலியாகிக்கொண்டே போகும், லைட்டின் வாட்டைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.