மீத்திறன் கொண்ட இரு பிள்ளைகள்: மூத்தவள் ஒதுங்குகிறாள், வழி சொல்லுங்கள்

எங்கள் மகளுக்கு வயது 12, மகனுக்கு 9. இருவரும் மீத்திறன், அதாவது வயதை மீறிய அறிவுத்திறன், கொண்டவர்கள் என்று உளவியலாளர் உறுதிசெய்திருக்கிறார். வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையில் மகளின் மதிப்பெண்ணே அதிகம். மகனுக்குச் செயலாக்க வேகம், அதாவது எளிய தகவல்களைப் பார்த்து விரைந்து செய்து முடிக்கும் வேகம், சற்றுக் குறைவு. ஆனால் விடை வரும்வரை தாள் கிழியக் கிழிய அழித்து எழுதுபவன் அவன்தான். அவளோ பாதிக் கணக்கை மனத்திலேயே போட்டுவிட்டு, ஓரிடத்தில் தடுக்கியதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள்.

கடந்த ஆண்டு தம்பி அவளுடைய பாடநூலைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து, "கணக்கு அவனுடையது" என்று சொல்லி அவள் கணிதத்தையே ஒதுக்கிவிட்டாள். பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதில் மணிக்கணக்காக அமர்ந்திருப்பவளைச் சோம்பேறி என்று என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. மீத்திறனுக்கு அறிவாற்றல், படைப்பாற்றல், எடுத்த பணியில் ஈடுபாடு ஆகிய மூன்றும் ஒன்றுசேர வேண்டும் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி 1978இல் எழுதினார்; அந்த மூன்றாவது, கணிதத்தில் மட்டும் அவளிடம் அணைந்திருக்கிறது.

பரிசு கொடுத்துப் பார்த்தோம். பரிசு நின்றதும் முயற்சியும் நின்றது. இருவரின் படிப்பு நேரத்தையும் பிரித்தோம், பள்ளியில் கேட்டுக் கடினமான பாடமும் வாங்கிக் கொடுத்தோம், பலனில்லை. பார்வைக் குறையோ கவனக்குறைபாடோ கற்றல் குறைபாடோ இல்லை என்று பரிசோதனைகள் காட்டிவிட்டன.

தம்பியின் ஆர்வத்துக்கு அணை போடாமல், அக்காளைத் தனக்கான காரணத்தோடு கணிதத்துக்குத் திரும்ப வைக்க உங்கள் அனுபவத்தில் எது உதவியது?