புதுப்பிப்பு: லாஃபயெட்டில் கேஜன் சாப்பாடு, போய் வந்தாச்சு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து லாஃபயெட் பக்கம் நல்ல கேஜன் சாப்பாடு (அங்குள்ள பிரெஞ்சு வழிவந்த மக்களின் சமையல்) எங்கே என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நியூ ஆர்லியன்ஸிலேயே முடித்துக்கொள்ளாதே, மேற்கே போ என்றீர்கள். சரியான யோசனை.

பூடான் என்ற தொத்திறைச்சிக்கு, பக்கத்திலுள்ள ஸ்காட் ஊர்தான். ஐ-10 நெடுஞ்சாலையை ஒட்டியே பெஸ்ட் ஸ்டாப், பில்லீஸ் என்று கடைகள். பன்றி இறைச்சி, ஈரல், சோறு, வெங்காயத்தாள் எல்லாம் குடலுக்குள் அடைத்து வேகவைத்தது. தோலைக் கடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே இருப்பதை உறிஞ்ச வேண்டும். தட்டு, முள்கரண்டி தேடினால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். பெரும்பாலானோர் கார் பார்க்கிங்கிலேயே தின்று முடிக்கிறார்கள். லாஃபயெட் நகருக்குள் என்றால் ஜான்சன்ஸ் பூக்கனியேரில் புகையூட்டிய பூடான். என் ஓட்டு அதற்குத்தான்.

கம்போ என்ற கெட்டியான குழம்பு எல்லா இடத்திலும் உண்டு. மாவை எண்ணெயில் சாக்லேட் நிறம் வரும்வரை வறுத்திருந்தால்தான் அது இந்த ஊர்க் கம்போ.

கிராஃபிஷ் (குட்டி லாப்ஸ்டர் போன்ற நன்னீர் உயிரி) வேண்டுமென்றால் மார்ச் முதல் மே வரை போங்கள். ப்ரோ பிரிட்ஜ் ஊரில் சனிக்கிழமை காலை பக் அண்ட் ஜானீஸ் உணவகத்தில் சைடகோ என்ற உள்ளூர் ஆட்ட இசையோடு சிற்றுண்டி, காலையிலேயே ஆட்டம்! குடிக்க, அர்னோவில் பக்கம் பையூ டெஷ் பியர்.

சைவக்காரர்கள் கேட்டிருந்தீர்கள்: கஷ்டம்தான். பீன்ஸில்கூடப் பன்றி இறைச்சி போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், மாமூ என்ற ஊரில் இருக்கும் ஃப்ரெட்ஸ் லவுஞ்ச் மதுக்கூடத்தின் பக்கம் யாராவது போயிருந்தால் சொல்லுங்கள், அடுத்த முறைக்கு.