மவுண்ட் மட்டையின்ரை வெட்டு விளிம்புக்கு நிறம் பூசின ஆக்கள் இருக்கிறியளோ?

கோண்டாவில்:
அம்மம்மாவின்ரை கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நானே மவுண்ட் (பிரேமுக்குள்ளை படத்தைச் சுத்தி வைக்கிற, நடு வெட்டின மட்டை) வெட்டினன். 45 பாகைச் சரிவிலை தெரிஞ்ச வெள்ளை விளிம்பு, மங்கின படத்துக்குப் பக்கத்திலை பளிச்செண்டு நிண்டுது. மகளின்ரை கபில மார்க்கரை எடுத்து இழுத்தன். மூலையிலை கை ஒரு கணம் தரிச்சுது, அவ்வளவுதான். மை மேல்தாளிலை ஏறி, தேத்தண்ணி சிந்தின மாதிரிப் படர்ந்திட்டுது. முழு மட்டையும் குப்பைக்கு.

சுன்னாகம் (பிரேம் வேலை):
தம்பி, வெட்டின இடத்திலை நார் வாய் திறந்து கிடக்கும், மையைக் குடிச்சிடும். நான் வாட்டர் கலர்தான். முதல் நைஸ் மண்தாளாலை பிசிரை மெல்லத் தடவி எடுப்பன். பிறகு தூரிகையை நிறத்திலை தொட்டு, துணியிலை ஒத்தி, ஈரம் இல்லாத அளவிலை கீழ் விளிம்பை அண்டி இழுப்பன். மெல்லிசா ஒருக்கா, காய்ஞ்சாப் பிறகு இன்னொருக்கா. டேப் ஒட்டி மேல்தாளை மறைக்கலாம் எண்டு மட்டும் நினைக்காதையும், உரிக்கேக்கை மேல்தாளும் சேர்ந்து வரும். நடுவிலை வெட்டி எடுத்த துண்டை எறியாதையும். அதுவும் அதே மட்டை, அதே சரிவு. முதல் அதிலை பூசிப் பாரும். கலியாணப் படக்காரர் எல்லாரும் தங்க நிறம்தான் கேப்பினம், படத்துக்கு ஒத்துவந்தாலும் வராட்டிலும்!

நல்லூர்:
நான் கார்த்திகை மழைக்குள்ளை பூசினனான். தொட்டுப் பார்க்கக் காய்ஞ்ச மாதிரித்தான். உடனை கண்ணாடி போட்டு மூடினன், உள்ளுக்குப் புகார் பிடிச்சு மட்டையும் வளைஞ்சிட்டுது. இப்ப ஒரு இரவு ஃபானுக்குக் கீழை விட்டிட்டுத்தான் மூடுறது.

வட்டுக்கோட்டை:
ஏன் இந்தப் பாடு? உள்ளுக்கு நிற மட்டை ஒண்டை வைச்சு 3 மில்லிமீட்டர் தெரிய விட்டால் வடிவா இருக்குமே. மட்டைக் காசு இரட்டிப்பாகும், அதுதான். எங்கட அப்பப்பாவின்ரை படத்திலை விளிம்பு தானாவே கபிலமாகிட்டுது. இலவச நிறம் எண்டு பகிடி விட்டம்; கழட்டிப் பார்த்தால் மட்டையின்ரை அமிலம் படத்திலையும் கறை வைச்சிருக்கு. இனி அமிலமில்லாத மட்டைதான்.

கோண்டாவில்:
அண்ணை சொன்னபடி துண்டிலை நாலுதரம் பழகிட்டு, மெல்லிய சாம்பல் நிறம் பூசினன். ஒரு மூலையிலை மட்டும் கொஞ்சம் கடுமை. அம்மா அதை இன்னும் காணேல்லை.