பாய்லர் சூட் தைப்பது நாங்கள், பில் போடுவது வேறு ஒருவர். பெண்கள் நடத்தும் சின்ன யூனிட்டுக்கு நேரடி ஆர்டர் கிடைக்குமா?

கொருக்குப்பேட்டை தையல்:

எல்லாருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டையில் வீட்டு மாடியில் தையல் யூனிட் நடத்துகிறேன். ஒன்பது பெண்கள், ஏழு மெஷின், இரண்டு ஓவர்லாக். பதினோரு வருடமாக ஒரே வேலைதான்: கம்பெனிகளுக்குப் போகும் பாய்லர் சூட் (ஆலைத் தொழிலாளர்கள் போடுகிற, சட்டையும் பேன்ட்டும் ஒன்றாக இருக்கும் உடை), கேன்டீன் ஏப்ரன், கித்தான் டூல் பை. ஆர்டர் எங்களுடையது இல்லை. ஒரு சப்ளையர் துணியை வெட்டி அனுப்புவார், நாங்கள் தைத்து, பட்டன் வைத்து, அயர்ன் போட்டு மூட்டை கட்டிக் கொடுப்போம். பாய்லர் சூட் ஒன்றுக்கு 110 ரூபாய். போன மாதம் அவருடைய ஆள் மறந்துபோய் ஒரு பில்லை மூட்டைக்குள் விட்டுவிட்டார், அதில் அதே உருப்படிக்கு 790 ரூபாய் போட்டிருந்தது. துணிக்காசு, வண்டிக்காசு, அவருடைய லாபம் எல்லாம் இருக்கும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பில்லின் மேலே பெண் நடத்தும் நிறுவனம் என்று அச்சடித்திருந்தது. கம்பெனி அவர் மனைவி பெயரில் இருக்கிறதாம். அந்த அம்மாவை இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மத்திய அரசு நிறுவனங்கள் பெண்களிடம் இத்தனை சதவீதம் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒரு ஆணை இருப்பதாக என் மகள் படித்துச் சொன்னாள். அது உண்மையா? மணலிக்கும் பெரம்பூருக்கும் நாங்களே நேராகக் கொடுக்க முடியுமா? சென்னை மாநகராட்சியிலும் இப்படி உண்டா? ஜிஎஸ்டி என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, அவர் துறைமுக வேலைக்குப் போகிறவர், யூனிட் பக்கம் வருவதே இல்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணலி சப்ளை:

அக்கா, உங்கள் மகள் படித்தது உண்மைதான். குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் ஆணை 2012-இல் வந்தது. மத்திய அமைச்சகம், துறை, மத்தியப் பொதுத்துறை நிறுவனம் எதுவாக இருந்தாலும் வருடக் கொள்முதலில் ஒரு பங்கை நம்மைப் போன்றவர்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 சதவீதமாக இருந்ததை 2018-இல் 25 ஆக்கினார்கள். அதற்குள்ளே பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3. நம் பக்கத்திலேயே மணலி சிபிசிஎல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலை, பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஆலை எல்லாம் இதற்குள் வருகிறவைதான். பொதுத்துறை நிறுவனங்கள் பெரும்பாலும் ஜெம் என்கிற அரசு கொள்முதல் போர்ட்டலில் கேட்பார்கள், ரயில்வேக்கு ஐஆர்இபிஎஸ் என்று தனித் தளம் உண்டு.

நான் பதினைந்து வருடமாகக் காட்டன் வேஸ்ட், கையுறை, டஸ்டர் துணி கொடுக்கிறேன். இந்த 3 சதவீதத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு டெண்டரிலும் நூறு உருப்படிக்கு மூன்றைப் பெண்களுக்கு எடுத்து வைப்பார்கள் என்று அர்த்தமில்லை, அந்த நிறுவனம் வருடம் முழுக்க வாங்கியதில் அவ்வளவு வர வேண்டும் என்கிற இலக்கு அது. உங்களுக்கு உடனே கை கொடுக்கிற விஷயம் வேறு. டெண்டர் படிவத்துக்குக் காசு கிடையாது, இஎம்டி என்கிற டெண்டர் முன்பணம் கட்ட வேண்டாம். அப்புறம் விலையில் ஒரு சலுகை: பெரிய கம்பெனி ஒன்று எல்லாரையும்விடக் குறைவாக 100 ரூபாய் போட்டு முதலிடத்தில் இருக்கிறது, நீங்கள் 112 போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 15 சதவீதத்துக்குள் இருப்பதால் உங்களைக் கூப்பிட்டு 100-க்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள், சம்மதித்தால் மொத்த அளவில் குறைந்தது 25 சதவீதம் உங்களுக்கு. ஆனால் முதலிடத்தில் இருப்பவரே ஒரு சிறு நிறுவனம் என்றால் இந்தச் சலுகை வேலை செய்யாது. தையல் சாமான்களில் அப்படித்தான் அதிகம் நடக்கிறது, அதனால் சலுகையை நம்பி விலையைத் தூக்கிப் போடாதீர்கள்.

பாய்லர் சூட்டில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சுத்திகரிப்பு ஆலைகளில் தீப்பிடிக்காத துணி கேட்பார்கள், அதற்கு ஆய்வக அறிக்கை, மில்லின் சான்று என்று பிடுங்கி எடுத்துவிடும். சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று 358 பொருட்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் பருத்தி, கித்தான், சணல் பைகள் இருக்கின்றன. உங்கள் டூல் பை கைவசம் இருக்கிற சரக்கு. அதைப் பிடியுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை கணக்கு:

முதலில் அந்த ஜிஎஸ்டி விஷயத்தைச் சரிசெய்யுங்கள் அக்கா. நான் இந்தப் பதிவு வேலைகளைத்தான் செய்துகொடுக்கிறேன். பெண் நடத்தும் நிறுவனம் என்றால் தனி உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும், கூட்டு நிறுவனமாகவோ பிரைவேட் லிமிடெட்டாகவோ இருந்தால் குறைந்தது 51 சதவீதப் பங்கு பெண்களிடம் இருக்க வேண்டும். இன்றைக்கு உங்கள் யூனிட் காகிதத்தில் உங்கள் வீட்டுக்காரருடையது. உழைப்பவர் நீங்கள் என்பது எந்தப் போர்ட்டலுக்கும் தெரியாது. உங்கள் பான், உங்கள் ஆதார், உங்கள் பெயரில் கரன்ட் அக்கவுன்ட், அதே பெயரில் ஜிஎஸ்டி, அதற்கப்புறம் உத்யம், அதாவது குறு, சிறு நிறுவனம் என்கிற அரசுப் பதிவு. உத்யம் பதிவு முழுக்க இலவசம், 2020 ஜூலையிலிருந்து இதுதான் நடைமுறை. மூவாயிரம் கொடு, ஐயாயிரம் கொடு என்று கேட்கிற தளங்கள் நிறைய உண்டு, அரசு முகவரிதானா என்று பார்த்து நுழையுங்கள்.

இன்னொன்று, இதில் நானே அடிபட்டிருக்கிறேன். என்னிடம் வந்த ஒரு பெண்மணி பினாயிலும் சோப்பு எண்ணெயும் வீட்டிலேயே தயாரிப்பவர். அவருடைய உத்யமில் முன்பு யாரோ வணிகம் என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள், நான் அதைக் கவனிக்காமல் அப்படியே டெண்டர் போட்டுவிட்டேன். இஎம்டி விலக்கு கிடையாது என்று தள்ளிவிட்டார்கள். வியாபாரிகளும் 2021-லிருந்து உத்யம் எடுக்கலாம், ஆனால் அவர்களுக்கு அது வங்கிக்கடனுக்கு மட்டும்தான் உதவும், கொள்முதல் சலுகை கிடையாது. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் சொல்கிறேன், உற்பத்தி என்று போடுங்கள், 14-இல் தொடங்கும் ஆடைத் தயாரிப்புக் குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள், பைக்கும் தனியாகச் சேருங்கள். மெஷின் வாங்கிய பில், கரன்ட் பில், பெண்களுக்குக் கூலி கொடுத்த நோட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். யாராவது வந்து பார்த்தால் இங்கே தைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

ஜெம்மில் ஒவ்வொரு பிட்டிலும், அதாவது டெண்டர் அறிவிப்பிலும், அனுபவம், விற்றுமுதல் இரண்டுக்கும் சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டா என்று ஒரு வரி இருக்கும். ஆம் என்றால் உள்ளே போங்கள், இல்லை என்றால் நேரத்தை வீணாக்காதீர்கள். பதினோரு வருடம் தைத்திருந்தும் உங்கள் பெயரில் ஒரு பில்கூட இல்லாததால் உங்களுக்கு அந்த ஒரு வரிதான் வாசல்.

ராயபுரம் மேஸ்திரி:

மாநகராட்சி பற்றிக் கேட்டீர்கள். அந்த 25 சதவீத ஆணை மத்திய அரசு சார்ந்த இடங்களுக்குத்தான், மாநகராட்சியைக் கட்டுப்படுத்தாது. இங்கே 1998-ஆம் வருடத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படிதான் எல்லாம். நான் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை மண்டலங்களில் சப் கான்ட்ராக்டில் நடைபாதை, மழைநீர்க் கால்வாய் வேலை செய்கிறவன், சட்டம் படித்தவன் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். மத்திய ஆணையிலும் பொருளும் சேவையும்தான் வரும், கட்டுமானப் பணி வராது. அதனால் எனக்கு இரண்டு பக்கமும் வழியில்லை. பெரிய கான்ட்ராக்டர் எடுப்பார், கீழே ஒருவர், அவருக்குக் கீழே நான், எனக்குக் கீழே வேலையாட்கள். நீங்கள் சொன்ன 110-க்கும் 790-க்கும் உள்ள கதைதான் எங்களுடையதும்.

கர்நாடகாவில் பட்டியல் சாதி, பழங்குடி கான்ட்ராக்டர்களுக்கு அரசு வேலைகளில் 24.1 சதவீதம் ஒதுக்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள், முதலில் 50 லட்சம் வரை உள்ள வேலைகள், பிறகு 2023-இல் 1 கோடி வரை என்று உயர்த்தினார்கள். பத்து லட்சம், இருபது லட்சம் வேலைதான் என்னைப் போன்ற ஆளுக்குச் செய்ய முடிகிற அளவு, ஒதுக்கீட்டை அங்கே வைத்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் வார்டுகளிலும் சின்ன வேலைகளைச் சேர்த்துக்கட்டி ஒரே பெரிய டெண்டராக ஆக்காமல் விட்டாலே பாதிப் பேர் பிழைப்போம்.

எண்ணூர் வாசகர்:

அமெரிக்க நகரங்களில் இந்தச் சண்டை அரை நூற்றாண்டாக நடக்கிறது. அட்லாண்டா நகரத்தின் முதல் கறுப்பின மேயர் மேனார்ட் ஜாக்சன், விமான நிலையம் கட்டும்போது வேலையில் 25 சதவீதம் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று நின்றார். பெரிய கம்பெனிகள் எவ்வளவு எதிர்த்தும் விடவில்லை. ரிச்மண்ட் நகரத்தில் 1983-இல் 30 சதவீதம் என்று வைத்தார்கள். அந்த ஊர் மக்கள்தொகையில் பாதி கறுப்பினத்தவர், ஆனால் நகரத்தின் நேரடிக் கட்டுமான ஒப்பந்தங்களில் அவர்களுக்குக் கிடைத்தது 0.67 சதவீதம். அப்படி இருந்தும் 1989-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. பாகுபாடு நடந்ததற்கு அந்த ஊரிலேயே, அந்தத் தொழிலிலேயே திட்டவட்டமான ஆதாரம் வேண்டும் என்றது. அதற்குப் பிறகு அங்கே பல நகரங்கள் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கெடுத்த பிறகே இலக்கு வைக்கின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மிடம் ஆணை இருக்கிறது, கணக்கைத்தான் நாம் பார்ப்பதில்லை. சம்பந்த் என்று சிறுதொழில் அமைச்சகத்தின் போர்ட்டல் 2017-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு மத்தியப் பொதுத்துறை நிறுவனமும் சிறு நிறுவனங்களிடம், பெண்களிடம், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் எவ்வளவு வாங்கியது என்று அதில் யாரும் பார்க்கலாம். பார்த்துவிட்டு, நம் ஊர் ஆலை இலக்குக்குக் கீழே இருந்தால், 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எந்தப் பொருட்களைப் பெண்களிடம் வாங்கினீர்கள், அதில் எத்தனை பேர் தாங்களே தயாரிப்பவர்கள். அந்தப் பில்லில் இருந்த அம்மாவுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும்.

கொருக்குப்பேட்டை தையல்:

ரொம்ப நன்றி. இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் பெண்களுக்கு வாசித்தும் காட்டினேன். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: துணியும் நாமே வாங்கி, தைத்துக் கொடுத்துவிட்டு, காசு மூன்று மாதம் வராவிட்டால் என்ன செய்வது? சனிக்கிழமை கூலி கொடுத்தால்தான் அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க முடியும். இப்போதைய சப்ளையர் குறைவாகக் கொடுத்தாலும் வாரா வாரம் கொடுத்துவிடுகிறார், அதை நான் மறைக்கக் கூடாது.

மணலி சப்ளை:

நியாயமான கேள்வி. சட்டப்படி பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதா மாதம் கணக்குப் போட்டு. 2006-ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. சிறுதொழில் அமைச்சகத்தின் புகார் போர்ட்டலில் பதிந்தால், இந்தப் பாக்கிகளை விசாரிக்கிற வசதியாக்க மன்றத்துக்குப் போகும், அதற்கு சப்ளைக்கு முன்னாலேயே உத்யம் கையில் இருக்க வேண்டும், பிறகு எடுத்தால் வழக்கு இழுக்கும். எனக்கு ஒரு இடத்தில் ஏழு மாதம் நின்றது. புகார் போட்ட பிறகு அசல் வந்தது, வட்டியை விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன், ஆனால் அடுத்த ஆர்டர் வேண்டுமே என்ற பயம்.

அதைவிட முக்கியம், சரக்கு உள்ளே போனதும் ஏற்புச் சான்று போட்டார்களா என்று விடாமல் கேளுங்கள். ஜெம்மில் பத்து நாளுக்குள் போட வேண்டும். அது இல்லாமல் பில் நகராது. ஸ்டோர்ஸில் இருப்பவரிடம் மரியாதையாக, ஆனால் தினமும் போன் செய்யுங்கள். முதல் ஆர்டரை உங்கள் மூன்று வாரக் கூலிக்கு மேல் போகாத அளவில் எடுங்கள். பழைய சப்ளையர் வேலையை விட வேண்டாம், இரண்டு மெஷினை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை கணக்கு:

ட்ரெட்ஸ் என்று ஒரு வழியும் இருக்கிறது அக்கா. பொதுத்துறை நிறுவனம் உங்கள் பில்லை அதில் ஒப்புக்கொண்டால் வங்கி முன்கூட்டியே காசு கொடுத்துவிடும், கொஞ்சம் வட்டி பிடிப்பார்கள். முதல் ஆர்டர் முடியட்டும், பிறகு பார்க்கலாம்.

கொருக்குப்பேட்டை தையல்:

சரி, இரண்டு மெஷின், டூல் பை. நேற்று ராத்திரி வீட்டுக்காரரிடம் பேசினேன், உன் யூனிட்தானே, உன் பெயரில் போடு என்றார். திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன். கணக்கு அக்கா, உத்யம் போடும்போது குறியீட்டை ஒரு தடவை உங்களிடம் காட்டிவிட்டே அமுக்குகிறேன்.